அப்பாவின் செருப்புக்குள் கட்டிய கூடு

பொம்மிடி,
திங்கட்கிழமை

அன்பு மகள் சோபனாவுக்கு அம்மா எழுதிக்கொண்டது. இங்கு நானும் அப்பாவும் கறவை மாடும் சுகம், அப்பாவின் இடது கால் மட்டும் சுகமில்லை, அதைப் பின்னால் சொல்கிறேன். புனேயில் நீ சுகமா, பிஸ்கட்டைத் தின்றுவிட்டுப் படுக்காமல் சோறு ஆக்கிச் சாப்பிடுகிறாயா என்று தெரிந்துகொள்ள ஆசை. போனில் பேசினால் பாதியில் மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய், கடிதத்தை அப்படி வைக்க முடியாது பார், அதனால்தான் எழுதுகிறேன்.

நீ டீம் லீடர் ஆன சேதியை அப்பா பால் சொசைட்டியில் ஒருத்தர் பாக்கியில்லாமல் சொல்லி முடிப்பதற்குள், நேற்று போனில் நீ அழுகிறாய். உனக்குக் கீழே இருக்கிற தஸ்லீம் வேலையை முடிக்காமல் பெரியவர்கள் முன்னால் உன் மானத்தை வாங்கிவிட்டாள், மாசக் கடைசியில் அவளை டீமை விட்டுத் தூக்கச் சொல்லி மெயில் போடப் போகிறேன் என்றாய். அவளிடம் என்ன சொன்னாய் என்று கேட்டேன். குரூப்பில் எல்லாரும் கொஞ்சம் பாத்துக்குங்கன்னு போட்டேன்மா, அதுகூடவா புரியாது என்றாய். எனக்குச் சுருக்கென்றது. உன்னிடம் மறைத்த ஒன்றை இப்போது சொல்கிறேன், சிரிக்காதே.

போன மாசம் நம் கொட்டகையில் பட்டுப்புழு பழுத்துக் கூடு கட்டத் தயாரானது. பழுத்த புழுவை உடனே பொறுக்கி, கூடு கட்டுகிற சந்திரிகைத் தட்டில் விடாவிட்டால் அது இஷ்டத்துக்குப் போய்க் கண்ட இடத்தில் கூடு கட்டும், உனக்குத் தெரியாததா. அன்றைக்கென்று அரூரில் உன் மாமன் மகனுக்கு நிச்சயதார்த்தம். புடவையைக் கட்டிக்கொண்டு கொட்டகை வாசலில் நின்று, வேலைக்கு வரும் மாதம்மாள், செல்லம்மாள், உன் அப்பா மூன்று பேருக்கும் பொதுவாக, புழு பழுக்குது, கொஞ்சம் பாத்துக்குங்க என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். பெரிய நிர்வாகி என்று எனக்கே நினைப்பு. செல்லம்மாள் பொறுக்குவாள் என்று மாதம்மாள் தழை வெட்டப் போய்விட்டாள், மாதம்மாள் இருக்கிறாளே என்று செல்லம்மாள் வூட்டுக்குப் போய்விட்டாள், இரண்டு பேர் இருக்கையில் நமக்கென்ன என்று உன் அப்பா குறட்டை. மறுநாள் வந்து பார்த்தால் துடைப்பத்தில் புழு, சுவரில் புழு, அப்பாவின் சட்டைப்பையில் புழு. அவருடைய இடது செருப்புக்குள் ஒன்று பாதிக் கூடு கட்டியிருந்தது. நல்ல கூடு, கலைக்க மனசு வரவில்லை என்று மனுசன் வெறுங்காலோடு திரிந்து முள் ஏற்றிக்கொண்டு இன்னும் நொண்டுகிறார்.

எனக்கு வந்த கோபத்தில் முதலில் கண்ணில் பட்டவள் மாதம்மாள். நாளையிலிருந்து வராதே என்று கத்திவிட்டேன். அவள் சோறு கொண்டுவந்த தூக்குப் போசியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எட்டு வருசம் என்னோடு நின்றவள். மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் அவள் வூட்டுக்கே போனேன். மூணு பேரு நின்னோமுங்க அக்கா, நீங்க கதவப் பாத்துச் சொல்லிட்டுப் போயிட்டீங்க, மாதம்மா நீ பொறுக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் வுட்டிருப்பனுங்களா என்று கேட்டாள். அப்போதே அவளைக் கூட்டிவந்து, தப்பு என்னுதுதான் என்று செல்லம்மாள் முன்னாலேயே சொன்னேன். இப்போதெல்லாம் பேர் சொல்லி, என்ன வேலை, எத்தனை மணிக்குள் என்று சொல்லி, அவர்கள் வாயால் திருப்பிச் சொல்லவும் வைக்கிறேன். இதென்ன கலெக்டர் ஆபீசா என்கிறார் அப்பா, அவரைத் திருப்பிச் சொல்லச் சொன்னால் பாதியை விழுங்கிவிடுகிறார்.

அதனால் அந்த மெயிலைப் போடுமுன் தஸ்லீமை டீ குடிக்கக் கூப்பிடு. நீ சொன்னதில் அவளுக்கு என்ன புரிந்தது என்று கேள், கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிரு. அது என்னைப் போலவே உனக்கும் கஷ்டம்தான். தப்பு உன்னுடையது என்றால் அதே குரூப்பில் எல்லாருக்கும் தெரியச் சொல்லிவிடு.

இன்னொன்று. இரண்டு வருசமாகப் பொங்கலுக்கு, லீவு கிடைச்சா வா என்றே உன்னிடம் சொல்லிவந்தேன். உனக்குத் தொந்தரவு வேண்டாம் என்று நினைத்தேன், நீயும் கிடைக்கவில்லை என்று இருந்துவிட்டாய். அதுவும் கதவைப் பார்த்துச் சொன்ன பேச்சுதான். இப்போது பேர் சொல்லிச் சொல்கிறேன். சோபனா, போகிக்கு முந்தின நாள் நீ பொம்மிடி ஸ்டேஷனில் இறங்க வேண்டும். டிக்கெட் எடுக்க வேண்டியது நீ, ஸ்டேஷனுக்கு வர வேண்டியது நான். உன்னைப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை. புரிந்ததைத் திருப்பி எழுது.

தலைக்கு எண்ணெய் வை, நேரத்துக்குச் சாப்பிடு, நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு கண்ணு. அப்பாவும் உன்னை வரச் சொல்கிறார். வழக்கம்போலத் திருப்பிச் சொல்லச் சொன்னேன், இதை மட்டும் ஒரு வார்த்தை விடாமல் சொன்னார்.

இப்படிக்கு,
உன் அம்மா
கோவிந்தம்மாள்