ஈரக் கையில் தடவிய ஜெல்

கும்மிடிப்பூண்டி இறால் கம்பெனியில் ஹெலனுக்கு நாள் முழுக்க ஐஸ் தண்ணீரில் வேலை. விரல்கள் வெடித்து, கேட்டில் வருகை பதியும் மிஷினில் ரேகையே விழவில்லை. "ரேகை உழலன்னா வேல இல்ல" என்றுவிட்டார் சூப்பர்வைசர். காக்களூர் க்ரீம் கம்பெனியில் வேலை பார்க்கும் கணவன் எபினேசர், தோலில் ஈரத்தைப் பிடித்துவைக்கும் ஹையலூரானிக் ஜெல் வாங்கி வந்தான்.

"எனுக்கு இன்னாத்துக்கு மேக்கப்பு?" என்று கத்தினாள். அவன் தினமும் அவள் ஈரக் கையில் தடவிவிட்டான்.

நேற்று ரேகை விழுந்தது. இன்று காலை, தூங்குகிறவனை எழுப்ப மனமில்லாமல் சீட்டு எழுதி வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

"இட்லி ஹாட்பாக்ஸ்ல கீது. சாவிய பக்கத்தூட்டு ரோசம்மாக்காகிட்ட குடுத்துட்டுப் போ. நேத்து மிஷின் என் வெரல ஒத்துக்கினு 'தேங்க் யூ'ன்னுச்சு. அது உனுக்குச் சொல்ல வேண்டியதுய்யா. கத்துனத மனசுல வெச்சிக்காத."

அடியில் மிச்சமிருந்த ஓரத்தில் நெருக்கி எழுதியிருந்தாள்:

"உன் குதிகாலும் வெடிச்சிருக்கு. சாய்ங்காலம் நான் தடவி உடறேன்."