பட்டன் வச்ச கார்டு மிஷின்

ஆவணி 3, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். மழை வர்ற மாதிரி ஒரு பாவ்லா, அவ்வளவுதான்.

கடைக்குக் கார்டு மிஷின் எடுத்தே ஆகணும். நேத்து ஒக்கூர் ஆச்சி வந்தாக. மக கல்யாணச் சீருக்கு வெண்கலப் பானை, குத்துவிளக்கு, அண்டா எல்லாம் பொறுக்கி வச்சுட்டு, "கார்டு வாங்க மாட்டீகளா?"ன்னாக. போன்ல ஒரே நாள்ல அம்புட்டு அனுப்ப முடியாதாம். வெள்ளிக்கிழமை வாராக.

வாங்க: புளி, வீட்டுக்காரருக்குக் கண் சொட்டு மருந்து, சோப்பு.

ஆவணி 4, புதன்

ஏஜென்ட் தம்பி மூணு மிஷின் கொண்டாந்தான். ஒண்ணு முழுக்கக் கண்ணாடி, போன் மாதிரி. வாடகை கம்மி. ஒண்ணு தீப்பெட்டி சைசு, போனோட சேத்துத்தான் ஓடும். மூணாவது பழைய மாடல், பட்டன் வச்சது, வாடகை கூட. "இதை இப்ப யாரும் எடுக்கிறதில்லக்கா."

கண்ணாடிதான்னு முடிவு பண்ணி அவர் கையில குடுத்தேன். எங்கேயோ தொட்டார், என்னமோ வந்துச்சு. திரும்பத் தொட்டார். வழவழன்னு இருக்கிறதுல விரலுக்கு என்ன தெரியும்? சர்க்கரை கண்ணுல இறங்கினதுல இருந்து எதிர்ல நிக்கிற ஆள் முகமே அவருக்குப் புகைதான். வெளியில தெரியக் கூடாதுன்னு வீம்பு வேற. நோட்டைத் தடவியே எத்தனை ரூவான்னு சொல்லிருவார், அதனால கல்லா ஓடுச்சு.

மிஷினைத் திருப்பி நீட்டினார். "ஒனக்குத் தோதானதை எடு புள்ள. இனிமே கல்லாவுல நீயே உக்காரு." சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார்.

கல்லாவை விட்டு எந்திரிச்சா இந்த மனுசன் வீட்டுல சுருண்டுருவார். எனக்குத் தெரியாதா?

ஆவணி 5, வியாழன்

ஏஜென்டுக்குப் போன். பட்டன் வச்சதுதான் வேணும். "வாடகை கூடக்கா..." "கட்டப்போறது நானா நீயா?" பாவம், கத்திட்டேன். சாயங்காலம் வந்துருச்சு. அஞ்சாம் நம்பர் பட்டன் மேல சின்னதா ஒரு புள்ளி, தொட்டா மேடா இருக்கு.

"எனக்குப் பாத்திரத்துல பேர் வெட்டுற வேலை கிடக்கு. கல்லாவுல குந்த நேரமில்ல. பேசாம அமுக்குங்க"ன்னேன். அமுக்கினார். ஒண்ணுக்கு ஏழு விழுது, ரெண்டுக்கு எட்டு. மறுபடியும் அதே. காலமெல்லாம் கால்குலேட்டர் தட்டின விரலாச்சே. "கால்குலேட்டர்ல ஒண்ணு கீழல்ல இருக்கும்! எந்த மடையன் இதைத் தலைகீழா வச்சான்?"

ஒரே திட்டு. கேக்க நல்லா இருந்துச்சு. நேத்து அந்தச் சிரிப்புக்கு இது எவ்வளவோ தேவலை. ராத்திரி தோசை திங்கும்போதும் மேசை மேல விரல் தட்டிக்கிட்டே இருந்துச்சு.

ஆவணி 6, வெள்ளி

தூறல். கடை திறந்ததுமே ஆச்சியும் மகளும். எங்க கடையில போணி எப்பவும் அவர் கையாலதான். நான் பேர் வெட்டுற மாதிரி குனிஞ்சு உக்காந்துக்கிட்டேன்.

புள்ளியைத் தேடினார். ஒவ்வொண்ணா அமுக்கினார். "தொகை சரிதானான்னு பாத்துச் சொல்லுங்க ஆச்சி." குரல்ல ஒரு நடுக்கம் இல்ல.

"சரியாத்தேன் இருக்கு."

"நம்பரை நீங்களே போடுங்க"ன்னு மிஷினை நீட்டினார். ஆச்சி போட்டு முடிக்கிற வரைக்கும், ரகசிய நம்பராச்சேன்னு, மரியாதையா முகத்தை அங்குட்டுத் திருப்பிக்கிட்டார்.

இவருக்கு ஆச்சி மூக்கே தெரியாது, நம்பர் தெரியப்போகுதாக்கும். என் ராசா. ஒரு தாம்பாளத்தை எடுத்து மறைச்சு வச்சுக்கிட்டு அழுதேன்.