போர்வைக்கு மாந்தா

மார்ச் 4

பயணத்துக்காக மருமகள் இன்று ஐந்து ஸ்பானிஷ் வார்த்தை சொல்லிக்கொடுத்தாள். சாபனா – விரிப்பு. தோவாயா – துண்டு. அல்மோவாதா – தலையணை. மாந்தா – போர்வை. கட்டிலுக்குக் காமாவாம், மருமகள் முன்னால் சொல்லவே கூசுகிறது. கறைக்கும் கஞ்சிக்கும் என்ன வார்த்தை என்று கேட்டேன். விழுந்து விழுந்து சிரிக்கிறாள். "அத்தை, நீங்க அங்க தங்கப் போறீங்க. துவைக்கப் போகல."

லாட்ஜ் சலவைக்கூடத்தில் இருபத்தாறு வருஷம். மடித்த விரிப்புகள் எத்தனையோ, ஒன்றில்கூடப் படுத்ததில்லை. புத்தி வேறெங்கே போகும்?

மார்ச் 9

தங்கை அனுப்பியதை மறுபடி படித்தேன். "வேலை விஷயமா அங்க போறேன்க்கா. நீயும் வா. நீ மதியமே போயிடுவ, நான் வர சாயங்காலமாகும். லாட்ஜ்ல ரூமை நீயே கேட்டு வாங்கு. ஒரே ரூமோ, தனித்தனியோ, உன் இஷ்டம்."

ஒன்பது வருஷத்தில் முதல் பேச்சு. அம்மா போனபோது, அடக்கம் முடிந்த மறுநாள்தான் அவள் வந்தாள். "இனி என் வாசப்படி மிதிக்காதே" என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். டிக்கெட் கிடைக்கவில்லை என்று அழுதாளே! பாவி, அப்போது என் காது எங்கே போச்சு?

மார்ச் 15

தனி அறை கேட்டால் கோபம் ஆறவில்லை என்று நினைப்பாளோ? ஒரே அறை என்றால் – எந்த முகத்தோடு பக்கத்தில் படுப்பேன்?

மார்ச் 21

சின்ன வயதில் எங்களுக்கு ஒரு கட்டில், ஒரு போர்வை. விடிந்தால் போர்வை முழுக்க அவள்மேல்; நான் குளிரில் சுருண்டு கிடப்பேன். ஒருநாள் நுனியை என் கால் கட்டைவிரலில் முடிச்சுப் போட்டுக்கொண்டு படுத்தேன். திருடி இழுத்த இழுப்பில் நான் அலற, அப்பா ஓடிவந்து விளக்கைப் போட, முடிச்சைப் பார்த்து மூன்று பேரும் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! அந்த நாள் இனி வருமா?

ஏப்ரல் 2

வந்து சேர்ந்தேன். வரவேற்பு மேசைப் பெண், "தோஸ் காமாஸ்?" என்றாள். இரண்டு கட்டிலா என்கிறாள். மனப்பாடம் செய்ததெல்லாம் பறந்துவிட்டது. ஒரு விரலைக் காட்டினேன். "ஊனா காமா." அவள் எழுதுவதற்குள் இரண்டு விரல். "தோஸ் மாந்தாஸ்!" கட்டில் ஒன்று போதும், போர்வை இரண்டு வேண்டும்.

சாயங்காலம் வந்தாள். தலை பாதி நரைத்துவிட்டது. அறைக் கதவருகே நின்றுகொண்டே, "உன் வாசப்படியைத்தானே மிதிக்கக் கூடாது? இது லாட்ஜ் வாசப்படி" என்றாள். "மன்னிச்சுடுடி" என்றேன். கட்டிலைப் பார்த்தாள், போர்வைகளைப் பார்த்தாள். "இன்னும் என்மேல நம்பிக்கை வரல, இல்ல?"

ஏப்ரல் 3

விடிந்துவிட்டது. நல்ல குளிர். இரண்டு போர்வையும் அவள்மேல்தான் கிடக்கின்றன. எழுப்ப மனசில்லை.