மாடி வீடு வேண்டாம்

அன்புள்ள உங்களுக்கு,

வணக்கம். உங்கள் இரத்த அழுத்தமும் முன்கோபமும் கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன். நான் நலம், முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் கேட்கிறது.

நூலகப் பணியிலிருந்து நான் ஓய்வு பெற்றதும் நாம் இருவரும் இங்கேயே வசிப்பதற்காக நீங்கள் வாங்கச் சொன்ன மாடி வீட்டைப் பார்த்தேன். பாதிப் படியில் சற்று உட்கார நேர்ந்தது. விழவில்லை, உட்கார்ந்தேன். உடன் வந்த வீட்டுக்காரம்மாளும் அருகில் அமர்ந்தார்.

“ஏம்மா, ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஏறி இறங்குவீங்க?”

“என் வீட்டுக்காரர் கண்ணாடியை எங்க மறந்து வைக்கிறார்ங்கறதைப் பொறுத்தது.”

“அப்போ வாங்கவே வாங்காதீங்க. கீழ் வீடு காலியாத்தான் இருக்கு, வாடகைக்கு வாங்க. ஊர் வீட்டை வித்துட்டு வந்து, அவருக்கு இங்க பிடிக்கலைன்னா எங்க போவீங்க?”

பக்கத்தில் நின்ற தரகர் இஞ்சி தின்ற குரங்கானார். தன் வீடு விலைபோவதைத் தானே தடுத்த அந்த அம்மாளுக்கு மனமார நன்றி சொன்னேன். ஆகவே நம் ஊர் வீட்டை விற்க வேண்டாம். அது விலைபோகவில்லை என்று, இங்கே வராமலிருக்க இரண்டு ஆண்டுகளாக நீங்கள் சொல்லிவந்த சாக்கும் இத்துடன் தீர்ந்தது.

உங்கள் சாய்வு நாற்காலியை அளந்து எழுதுங்கள். சன்னலோரம் இடம் விட்டிருக்கிறேன். காலையில் செய்தித்தாளை உரக்கப் படிப்பார் இல்லாத அமைதி நன்றாகத்தான் இருந்தது, போதும்.

தபால் நேரமாயிற்று. வாடகை ஒப்பந்தத்தில் குடியிருப்போர் இருவர் என்று எழுதிக் கையொப்பமிட்டுவிட்டேன். இந்த வயதில் என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதீர்கள்.

உங்கள் மனைவி