மேல்மாடி மையத்தின் சத்து மாவும் திரையில் அசைந்த குழந்தையும்

அனுப்புநர்:
ரொட்டிக் கடைப் பணியாளர் (பாதிக்கப்பட்ட பெண்ணின் அக்கா),
மூன்றாவது மாடி, பேருந்துப் பணிமனைக்கு எதிர்க் கட்டடம்.

பெறுநர்:
ஆய்வு அதிகாரி அவர்கள்,
நகர சுகாதார அலுவலகம்.

பொருள்: கர்ப்பகாலச் சர்க்கரை உள்ள பெண்களிடம் சத்து மாவு விற்று, பொய்யான ஸ்கேன் காட்டிவரும் மையத்தின் மீது விசாரணை கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் தங்கை தையல் வேலை செய்பவள். அவள் கணவர் சரக்குக் கப்பலில் போயிருப்பதால் வீட்டில் நாங்கள் இருவர் மட்டுமே. ஆறாம் மாதப் பரிசோதனையில் அவளுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை இருப்பதாக அரசு மருத்துவமனையில் கூறினார்கள். உணவுக் கட்டுப்பாடு, நடைப்பயிற்சி, அவற்றுக்கும் அடங்காவிட்டால் இன்சுலின் ஊசி என்றார்கள். ஊசி என்றதுமே அவள் முகம் வெளிறிவிட்டது. அன்று முதல் நான் வேலை செய்யும் ரொட்டிக் கடையிலிருந்து ஒரு பன்கூட எங்கள் வீட்டுப் படியேறவில்லை என்பதையும் பதிவு செய்ய விரும்புகிறேன்.

2. மருத்துவமனை வாசலில் ஒரு பெண்மணி எங்களிடம் பேச்சுக் கொடுத்தார். அருகிலுள்ள துணிக்கடையின் மேல்மாடியில் இருக்கும் தாய்மை ஊட்டச்சத்து மையத்தின் ஆலோசகர் என்றார். "ஊசியெல்லாம் எதுக்கும்மா? எங்க மாவ ரெண்டு வேளை கரைச்சுக் குடிங்க. சர்க்கரையும் இறங்கும், குழந்தையும் அளவா வளரும். ஸ்கேன்ல நீங்களே பாத்துக்கலாம்" என்றார். தங்கை மருத்துவமனைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். நான் சொன்ன எதுவும் அவளிடம் எடுபடவில்லை.

3. மையத்தின் உள்ளறை இருட்டாக இருக்கும். கட்டில்களுக்கு நடுவே நீலத் திரைச்சீலைகள். முதல் ஸ்கேனில், கணினித் திரையில் ஒரு குழந்தை இடது கையால் முகத்தை மூடி, மெல்லத் திரும்பி, விரல்களை விரித்து மடக்கியது. தங்கை வாய்விட்டுச் சிரித்தாள். 'கூச்சக்காரன்' என்று அதற்குப் பெயரும் வைத்தாள். தையல் மிஷினை ஓட்டிக்கொண்டே, "என்னடா கூச்சக்காரா, அம்மாவுக்கு முகத்தக் காட்ட மாட்டியா?" என்று அதனோடு ஓயாமல் பேசிக்கொண்டிருப்பாள்.

4. அடுத்த முறை சென்றபோது பக்கத்துக் கட்டிலின் திரைச்சீலை சரியாக மூடப்படவில்லை. அங்கே வேறொரு கர்ப்பிணியும் அவர் கணவரும் இருந்தனர். அவர்களுடைய ஸ்கேன் திரையில் ஒரு குழந்தை இடது கையால் முகத்தை மூடியது. இனித் திரும்பும் என்று நினைத்தேன், திரும்பியது. விரல்களை விரிக்கும் என்று நினைத்தேன்; விரித்தது. அந்தக் கணவர் என்னைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். வெளியே வந்து தங்கையிடம் சொன்னதற்கு, "எல்லாக் குழந்தையும் அப்படித்தான்க்கா. உனக்கு எதுலதான் சந்தேகம் இல்ல?" என்று கோபித்துக்கொண்டாள்.

5. மூன்றாம் முறை அவள் கால்கள் வீங்கியிருந்தன. மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கியது. ஸ்கேன் எடுப்பவர் கருவியை அவள் வயிற்றில் வைத்து, "நல்லா இருக்கான்" என்றார். அப்போது அவருடைய கைபேசி ஒலித்தது. கருவியை எடுத்துத் தோளுக்கும் மேலே தூக்கிப் பிடித்தபடி சுவரைப் பார்த்துப் பேசத் தொடங்கினார். ஐயா, கருவி அவள் உடலில் இல்லை. திரையில் குழந்தை திரும்பிக்கொண்டிருந்தது. விரல்களை விரித்தது. மடக்கியது. தங்கை திரையைப் பார்த்தாள்; அவர் கையைப் பார்த்தாள்; பிறகு தன் வயிற்றின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டாள். "அக்கா, வா, போயிடலாம்" என்றாள். அந்தக் குரலை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

6. அங்கிருந்து நேராக அரசு மருத்துவமனைக்குச் சென்றோம். சர்க்கரை மிக அதிகமாக இருந்தது. குழந்தை அளவுக்கு மீறிப் பருத்து, பனிக்குட நீரும் கூடியிருந்தது. தங்கை பையில் வைத்திருந்த மாவு டப்பாவை மருத்துவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாவில் என்ன இருக்கிறது என்று அதில் எங்குமே எழுதியிருக்கவில்லை. "சத்து மாத்திரை நாங்களும்தான் குடுக்கறோம். ஆனா உள்ள என்னன்னு தெரியாதத இத்தன நாள் குடிச்சிருக்கீங்களேம்மா" என்றார். அவள் பயந்த அதே ஊசியைப் போட்டுத்தான் சர்க்கரையைக் கட்டுப்படுத்தினார்கள். அறுவை செய்து குழந்தையை எடுத்தார்கள். பிறந்ததும் அவனுக்குச் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து, தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்து பிழைத்தான். இப்போது நலம்.

7. சென்ற வாரம் நியாயம் கேட்க அந்த மையத்திற்குப் போனேன். பெஞ்சில் கர்ப்பிணிகள் நிறைந்திருந்தார்கள். உள்ளே ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். சற்று நேரத்தில் திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு. அவர் வெளியே வர, அடுத்தவர் போனார். அதே நேர அளவில், மறுபடியும் ஒரு சிரிப்பு. என்னால் அங்கே உட்கார முடியவில்லை.

8. ஆகவே, இத்துடன் இணைத்துள்ள டப்பா மாவைச் சோதனைக்கு அனுப்பவும், மையத்தை உடனே மூடவும், அங்கே செல்லும் பெண்கள் அனைவருக்கும் அரசு மருத்துவமனையில் உண்மையான ஸ்கேன் எடுக்கவும் ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

9. இன்னொரு கோரிக்கையும் உண்டு. அதைக் கேட்பது முறையா என்று தெரியவில்லை. என் தங்கை தன் மகனுக்குக் குறைவில்லாமல் பால் கொடுக்கிறாள், குளிப்பாட்டுகிறாள். ஆனால் அவனோடு பேசுவதில்லை. ஏன் என்று கேட்டேன். "இவன் என் பிள்ளைதான்க்கா. ஆனா நான் அத்தன நாள் பேசினது இவன்கிட்ட இல்லையே. அவன் யாருக்கா? பொறந்தானா?" என்றாள். திரையில் தெரிந்த அந்தக் குழந்தை எங்கோ ஒரு தாயின் வயிற்றில் இருந்த உண்மையான குழந்தை அல்லவா, ஐயா? அந்தப் படம் எப்போது, எவரிடம் எடுக்கப்பட்டது என்று கண்டறிந்து, அந்தக் குழந்தை உயிரோடு இருக்கிறதா என்பதை மட்டுமாவது எங்களுக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுகிறேன்.

தங்கள் பதிலுக்காகத் தங்கையுடன் காத்திருக்கும்,

(கையொப்பம்)
ரொட்டிக் கடைப் பணியாளர்

இடம்: பணிமனை எதிர்க் கட்டடம்
நாள்: மார்ச் 9

இணைப்பு: பாதி தீர்ந்த சத்து மாவு டப்பா – ஒன்று