கீப்பருக்கு இரண்டு மார்க்

பிப்ரவரி 3, செவ்வாய்

தம்பி என் கமெண்ட்டை அழித்துவிட்டான். என் சொந்தத் தம்பி!

நான் எழுதியது மூன்றே வரி. கோல் போஸ்டுக்குப் பின்னால் இருக்கிற மலிவு ஸ்டாண்டில் பெண்கள் கழிப்பறைக்குக் கதவு இல்லை, சீசன் ஆரம்பித்ததிலிருந்தே இல்லை, கிளப் மேனேஜர் ஒருநாள் வந்து உட்கார்ந்து பார்க்கட்டும். அவ்வளவுதான். இணையத்தில் ஊரே பார்க்கிற கால்பந்து ரசிகர் பக்கத்தை நடத்துகிறவன் அவன். போன் போட்டுக் கேட்டால், "கிளப்காரங்க வருத்தப்படுவாங்கக்கா" என்கிறான். கிளப் அவனுக்குக் கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு பாஸ் கொடுத்திருக்கிறது. குளிக்கும்போதாவது அதைக் கழற்றுகிறானா, தெரியவில்லை.

"அப்ப நான் வருத்தப்பட்டா பரவாயில்லையா?"

"நீ அக்கா. நீ எங்க போயிடப் போற?"

அதை மட்டும் அவன் சொல்லியிருக்க வேண்டாம்.

பிப்ரவரி 5, வியாழன்

'கம்பிவலை'யை மறுபடி கொண்டுவரப் போகிறேன். இணையம் வருவதற்கு முன்னால் நானும் தம்பியும் நடத்திய ரசிகர் பத்திரிகை. எட்டே பக்கம், மேட்ச் அன்று மைதான வாசலில் விற்போம். அப்புறம் எல்லார் கையிலும் போன் வந்தது, இவன் பக்கம் ஆரம்பித்தான், பத்திரிகை நின்றது. நின்றதற்காக நான் ஒன்றும் மூக்கைச் சிந்தவில்லை. இப்போதும் பழைய பாசத்தில் ஆரம்பிக்கவில்லை. கோபத்தில் ஆரம்பிக்கிறேன். அச்சடித்த தாளை எவனும் ஒரு விரலால் அழிக்க முடியாது. கிழிக்கலாம். ஒவ்வொன்றாக வாங்கிக் கிழிக்கட்டுமே!

வீட்டில் இவரிடம் சொன்னேன். கால்பந்துக்கு ஒரு பக்கம் எத்தனை பேர் என்று இன்றுவரை தெரியாத மனிதர்.

"இந்தக் காலத்துல பேப்பர எவன் வாங்குவான்?"

"வாங்காதவன் வாங்க வேண்டாம்."

"சரி. ஸ்டேப்ளர் மேல் அலமாரியில இருக்கு."

இப்படி ஒரு வாக்கியத்துக்காகத்தான் இவரோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்துகிறேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

முதல் இதழ் எழுதி முடித்தேன். விதிகள் பழையபடியே. எல்லாருக்கும் பத்துக்கு இத்தனை என்று மார்க். ஆடாதவருக்கு மார்க் கிடையாது. எழுதியவள் பேரும் விலாசமும் கடைசிப் பக்கத்தில். தம்பியின் பக்கத்தில் முகமூடிக்குள் இருந்துகொண்டு ஆட்டக்காரர்களின் அம்மா, தங்கை வரைக்கும் இழுக்கிறார்கள். நான் திட்டினால் என் பேரைப் போட்டுத்தான் திட்டுவேன். வேண்டியவன் வந்து கேட்கட்டும். விலாசம் என்றால் நான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடை. கண் பரிசோதித்து பவர் எழுதிக் கொடுப்பவள் நான்.

நம் மைதானத்தில் நடந்த போன ஹோம் மேட்ச்சுக்கு நான் போட்டது: நடுவர் 4. டீ 3, அதுவும் சூட்டுக்காக. கழிப்பறைக் கதவு — இல்லாத பொருளுக்கு மார்க் போட முடியாது. மேனேஜர் 0. கீப்பர் 2. இடது பக்கம் தூரத்திலிருந்து வந்த இரண்டு பந்தையும் மனிதர் வழியனுப்பி வைப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றார். கீழே ஒரு வரி சேர்த்தேன்: "இவருக்கு மட்டும் கண் பரிசோதனை இலவசம். விலாசம் கடைசிப் பக்கத்தில்."

எழுதிவிட்டு நானே சிரித்தேன்.

பிப்ரவரி 14, சனி

விற்றது! வாசலில் நின்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. கொஞ்சம் மிச்சம் இருந்ததை இவரே பக்கத்துக் கார்க்காரர்களிடம் தள்ளிவிட்டார், என்ன பத்திரிகை என்றே தெரியாமல்.

தம்பி பாஸைத் தடவிக்கொண்டே என்னைத் தாண்டிப் போனான். ஒரு பிரதி எடுத்துக்கொள்ளவில்லை.

கீப்பர் இன்று ஒரு கோல் விட்டார். இடது பக்கம், தூரத்திலிருந்து.

பிப்ரவரி 17, செவ்வாய்

வந்துவிட்டார். கீப்பர்!

கடையில் நான் மட்டும்தான். கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உயரம். கையில் 'கம்பிவலை', நாலாக மடித்து. விலாசம் போடும்போது இருந்த வீராப்பு, ஆள் எதிரில் வந்து நிற்கும்போது கொஞ்சம் இளைத்துத்தான் போகிறது.

"இது நீங்களா எழுதினது?"

"நான்தான். பேர் போட்டிருக்கேனே."

"ரெண்டு ரொம்பக் கம்மி."

"ரெண்டே அதிகம்."

சண்டைக்கு வந்தவர் என்றுதான் நினைத்தேன். அவர் தாளைப் பிரித்து, அந்த வரியின் மேல் விரல் வைத்தார். "இலவசம்னு போட்டிருக்கீங்க. பாருங்க."

எனக்கு ரோஷம். உட்கார வைத்தேன். வலது கண்ணை மூடி இடது கண்ணால் எழுத்துக்களைப் படிக்கச் சொன்னேன். மூன்றாவது வரியில் நின்றுவிட்டார். திரும்பப் படிக்கச் சொன்னேன். வேண்டுமென்றே விளையாடுகிறாரோ என்று பார்த்தால், நெற்றியெல்லாம் வேர்வை. இடது கண் மைனஸ் ஒன்றே முக்கால். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை.

லென்ஸை முன்னால் வைத்ததும் எதிர்ச் சுவரில் இருந்த எழுத்துக்களைக் கடைசி வரிவரை படித்தார். அப்புறம், "எல்லாருக்கும் இப்படியா தெரியும்?" என்றார்.

நான் எழுதிய நக்கல் எனக்கே இப்போது கசந்தது. ஆனால் மார்க்கை மாற்ற மாட்டேன் என்றும் சொல்லிவிட்டேன். "மாத்தாதீங்க" என்றார்.

"டீம் டாக்டர் ஒண்ணும் பார்க்கலையா?"

"டாக்டரா? விழுந்தா ஓடிவந்து ஸ்பிரே அடிப்பாரு. அவ்வளவுதான்." அப்புறம் குரலை இறக்கி, "சீசன் முடிஞ்சதும் ஒப்பந்தம் புதுப்பிக்கணும். இது வெளிய தெரிஞ்சா பெஞ்சுல உக்கார வச்சிருவாங்க" என்றார்.

கடையில் பார்த்தது கடையோடு என்றேன். கான்டாக்ட் லென்ஸ் ஆர்டர் போட்டாயிற்று.

பிப்ரவரி 18, புதன்

ஒரு பத்திரிகைக்காரிக்கு வாழ்நாளில் கிடைக்கிற மிகப்பெரிய செய்தி என் மேசை டிராயரில் இருக்கிறது. போட மாட்டேன். தம்பிக்குத் தெரிந்தால் டீ ஆறுவதற்குள் ஊருக்கே தெரிந்திருக்கும்.

பிப்ரவரி 20, வெள்ளி

மேனேஜர் போன். குரலில் அப்படி ஒரு தேன்.

"ஆட்டக்காரங்க மனசப் புண்படுத்துறீங்கம்மா. கீப்பர் ரொம்ப நொந்துபோயிட்டாரு. அடுத்த இதழ்ல மன்னிப்புக் கேட்டுருங்க. இல்லைன்னா உங்க சீசன் கார்டை ரத்து பண்ண வேண்டியிருக்கும்."

"கீப்பர் உங்ககிட்ட வந்து சொன்னாரா?"

"அவர் சார்பா நாங்க சொல்றோம்."

புண்பட்டது கீப்பர் இல்லை, அந்தப் பூஜ்யம். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஒரே ஒரு வாக்கியம் போதும் — "ஐயா, அந்த ரெண்டு மார்க்குக்குக் காரணம் அவர் கண்ணுல இருக்கு" — மேனேஜர் வாயடைத்துப் போயிருப்பார். நாக்கு நுனிவரை வந்தது. கடித்துக்கொண்டேன்.

"மன்னிப்பெல்லாம் எங்க கடையில ஸ்டாக் இல்லைங்க" என்று சொல்லி வைத்தேன்.

மைதானத்தைச் சுற்றி இருக்கிற அந்தக் கம்பிவலைக்குப் பின்னால் நின்றுதான் நான் பாதி வளர்ந்தேன். கார்டு போய்விடுமா? போகட்டும். போகட்டும் என்று எழுதுவது சுலபமாக இருக்கிறது.

பிப்ரவரி 22, ஞாயிறு

லென்ஸ் வந்துவிட்டது. கடைக்கு விடுமுறை என்றாலும் கீப்பரை வரச்சொன்னேன். எதிராளி பூட்ஸுக்கு முன்னால் முகத்தை நீட்டிப் பாய்கிற மனிதர், விரல் நுனியில் இருக்கிற ஒரு சொட்டு லென்ஸைக் கண்டு நாற்காலியோடு பின்னால் நகர்கிறார். ஒவ்வொரு தடவையும் கண்ணை இறுக மூடிக்கொள்கிறார்.

"பந்து வந்தா தொறந்துதானே வச்சிருக்கீங்க?"

"பந்து கண்ணுக்குள்ள வராது மேடம்!"

கடைசியில் போட்டுவிட்டார். மேனேஜர் போன் பண்ணியதை அவரிடம் சொல்லவில்லை. அவர் தலைவலி அவருக்கே போதும்.

பிப்ரவரி 24, செவ்வாய்

பாவி. பாவி. பாவி.

தம்பி தன் பக்கத்தில் போட்டிருக்கிறான்: "கம்பிவலை ஆசிரியர் தன் எழுத்துக்கு வருத்தம் தெரிவித்தார்." என் பழைய போட்டோவோடு. நான் எங்கேடா தெரிவித்தேன்? யாரிடம் தெரிவித்தேன்?

நேரே அவன் வீட்டுக்குப் போனேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"உனக்காகத்தான்க்கா போட்டேன். கார்டு போயிருமே. மேனேஜர் என்கிட்ட சொன்னாரு, நீயே பேசி முடிச்சிருன்னு."

"என் வாய வாடகைக்கு விட்டிருக்கேனா நான்? எடு அத."

"எடுத்தா என் பாஸ் போயிரும்."

"அப்ப ஒண்ணு பண்ணு. பாஸையே அக்கான்னு கூப்பிடு."

அவன் மனைவி உள்ளேயிருந்து சிரிப்பை அடக்கும் சத்தம் கேட்டது. அவன் எடுக்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறான். வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தேன், ஆத்திரத்தில்தான். கொஞ்சம் ஆத்திரம் இல்லாமலும்.

பிப்ரவரி 27, வெள்ளி

இரண்டாவது இதழ். முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில்: "நான் வருத்தம் தெரிவிக்கவில்லை. இரண்டு, இரண்டுதான்." ஜெராக்ஸ் கடைக்காரர் படித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் பெருசாப் போடலாமே, இடம் இருக்கு" என்றார். போட்டோம்.

கழிப்பறைக்குக் கதவு மாட்டிவிட்டார்களாம். தாழ்ப்பாள் இல்லை. 3 மார்க்.

பிப்ரவரி 28, சனி

வாசல் மெஷினில் சீசன் கார்டை வைத்தேன். சிவப்பு விளக்கு. மறுபடி வைத்தேன். சிவப்பு.

"உள்ள விட வேண்டாம்னு சொல்லியிருக்காங்கம்மா" என்றார் வாசல்காரர், தன் பூட்ஸைப் பார்த்தபடி. என் பின்னால் வரிசை நின்றது. யாரும் சலித்துக்கொள்ளவில்லை, அதுதான் இன்னும் தாங்கமுடியாமல் இருந்தது.

மதிலுக்கு வெளியே நின்றேன். முதல் தடவை ஒரு ஹோம் மேட்ச்சைக் காதால் பார்த்தேன். ஸ்டாண்ட் மூச்சை இழுத்துப் பிடிப்பது வெளியே கேட்கும் என்று எனக்குத் தெரியாது. வீட்டுக்குப் போய்விடலாமா என்றுகூடத் தோன்றிவிட்டது. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன! பேனாவை எடுத்தேன். ஆட்டம் முடிந்து வந்தவர்களை வாசலில் மறித்தேன். "நான் பார்க்கல. நீங்க பார்த்தீங்க. சொல்லுங்க, யாருக்கு எவ்வளவு?"

முதலில் விழித்தார்கள். அப்புறம் சுற்றிக் கூட்டம் சேர்ந்துவிட்டது. கீப்பருக்கு ஏழு. ஆறு. எட்டு. ஒரு பெரியவர், "ஒன்பது போடும்மா. என் மருமகனுக்கே அஞ்சுக்கு மேல போட்டதில்ல" என்றார்.

இடது பக்கம் தூரத்திலிருந்து வந்த ஒன்றைப் பாய்ந்து தட்டிவிட்டாராம். நான் பார்க்கவில்லை!

மார்ச் 3, செவ்வாய்

கீப்பர் கடைக்கு வந்தார். இப்போதுதான் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"என் பேரச் சொல்லியா உங்கள வெளிய நிறுத்தினாங்க?"

"நீங்க ஆட்டத்தைப் பாருங்க."

"நான் எழுதித் தர்றேன். எல்லாத்தையும். கண்ணு விஷயத்தையும் சேர்த்து."

வேண்டாம் என்றேன். ஒப்பந்தம், பெஞ்சு, வீட்டு வாடகை, எல்லாம் சொன்னேன். "நீங்க தெரிஞ்சும் வாயத் தொறக்கல. நான் மட்டும் ஒளிஞ்சுக்கணுமா?" என்றார். கோபத்தில் எழுதாதீர்கள், அடுத்த வாரமும் இதே எண்ணம் இருந்தால் கொண்டுவாருங்கள் என்று திருப்பி அனுப்பினேன். கோபத்தில் பத்திரிகையே ஆரம்பித்தவள் சொல்கிற புத்திமதி!

மார்ச் 12, வியாழன்

கொண்டுவந்துவிட்டார். கோணல் கையெழுத்து. ஒரு எழுத்தைக்கூடத் திருத்தவில்லை, அப்படியே முதல் பக்கம்:

"எனக்குப் போட்ட இரண்டு மார்க் சரி. இடது கண்ணில் பார்வை குறைந்திருந்தது, எனக்கே தெரியவில்லை. இப்போது லென்ஸ் போட்டு ஆடுகிறேன். நான் யார் மேலும் புகார் கொடுக்கவில்லை. என் பேரைச் சொல்லி யாரையும் வெளியே நிறுத்த வேண்டாம்."

கீழே கையெழுத்து, சட்டை நம்பர்.

மார்ச் 14, சனி

இதழ் முழுக்க ஆட்டத்துக்கு முன்னாலேயே தீர்ந்துவிட்டது. மேனேஜரின் ஆள் ஒருவர் வந்து ஒன்று வாங்கிப்போனார். சரியாக அரை மணியில் ஆட்டக்காரர் பட்டியலை மைக்கில் படித்தார்கள். கோலில் வேறு பையன். நம்மவர் பெஞ்சில். ஸ்டாண்டிலிருந்து கிளம்பிய கூச்சல் மதிலைத் தாண்டி என் மேல் விழுந்தது. நான்தான் இதைச் செய்தேனா? அச்சடித்தது என் கைதானே? ஆனாலும் அவர் எழுதித் தந்ததைக் கிழித்துப் போட்டிருக்க மாட்டேன். அவர் கேட்டது அது இல்லை.

இடைவேளையின்போது வாசல் திறந்தது. ஒரே ஒரு ஆள் வெளியே வந்தான். தம்பி. கழுத்தில் பாஸ் இல்லை.

"என்னடா?"

"முதல் பக்கத்தப் போட்டோ எடுத்து நம்ம பக்கத்துல போட்டேன். உன் வருத்தம்னு போட்டிருந்தத எடுத்துட்டேன். பத்து நிமிஷத்துல வந்து பாஸக் கழட்டிட்டாங்க." சொல்லிவிட்டு மதிலில் சாய்ந்துகொண்டான். கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தான்.

நானும் பக்கத்தில் சாய்ந்துகொண்டேன். சொல்ல ஆரம்பித்திருந்தால் அங்கேயே ஒப்பாரி ஆகியிருக்கும். உள்ளே இரண்டாம் பாதி ஆரம்பித்தது. கோலா, கோல் இல்லையா என்று சத்தத்தை வைத்து இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டோம்.

முடிகிற நேரத்தில், "இன்னொரு பேனா இருக்காக்கா?" என்றான். கொடுத்தேன். அவன் ஒரு வாசல், நான் ஒரு வாசல்.

கூட்டம் வந்தது. முதல் ஆளே, "கீப்பருக்குப் பத்து" என்றார். பெஞ்சில் இருந்தவருக்கா என்றேன். அவருக்குத்தான் என்றார். அடுத்த பெண்ணும் பத்து. அவள் பின்னால் வந்தவரும் பத்து. பத்துக்குப் பத்து நான் யாருக்கும் போட்டதில்லை. அந்தப் பக்கம் தம்பி தொண்டை கிழிய யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தான்: "ஆடாதவருக்கு மார்க் கிடையாதுங்க! அது எங்க பத்திரிகையோட விதிங்க!"

எங்க பத்திரிகையாம்.

"டேய்," என்று கத்தினேன், "அவங்க சொல்றதப் போடுடா!"

போட்டான்.