பதில் டீச்சர்

ஜூலை 8

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். மாமாவின் முழங்கால் வலி தேவலையா? நீ கேட்டதற்கு நேராகவே சொல்லிவிடுகிறேன். எனக்கு வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. யார் லீவு போட்டாலும் காலையில் எனக்குப் போன் வரும், எந்த வகுப்பு என்று அப்போதுதான் தெரியும். பிள்ளைகள் மட்டும், பதில் டீச்சர் என்றால் எல்லாவற்றுக்கும் பதில் தெரிந்த டீச்சர் என்று நினைக்கிறார்கள்.

இப்போது நாலாம் வகுப்பு. அந்த டீச்சர் பிரசவத்துக்குப் போனபின் ஆள் மாற்றி ஆள் வந்திருக்கிறார்கள். ஒவ்வொருவரும் கழித்தலை முதலிலிருந்து ஆரம்பித்து, கடன் வாங்கிக் கழிக்கும் இடம் வருவதற்குள் போய்விட்டார்களாம். நான் நுழைந்ததும் ஒரு பெண், "நீங்க எப்போ போவீங்க டீச்சர்?" என்றாள். யாரும் நோட்டைத் திறக்கவில்லை. நாலைந்து நாளாகியும் நான் போகாமல் இருந்ததைப் பார்த்துத்தான் மெல்லத் திறந்தார்கள். இப்போது எல்லாரும் கடன் வாங்கிக் கழிக்கிறார்கள். அவளும் தினமும், "நாளைக்கும் நீங்கதானே?" என்று கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறாள்.

தலைமையாசிரியையிடம் வேலையை நிரந்தரமாக்கச் சொல்லிக் கேட்டேன். "உன்னை ஒரு வகுப்புல உட்கார வச்சிட்டா, அவசரத்துக்கு யாரைம்மா கூப்பிடறது?" என்றார். இதைப் பாராட்டு என்று நினைத்துத்தான் சொன்னார். மூச்சு முட்டுகிறது, அக்கா.

உன் வாயாடி

ஜூலை 15

அன்பு வாயாடிக்கு,

கேட்கிறவள் கேனச்சியாக இருந்தால் அந்த அம்மாள் இன்னமும் பாராட்டுவார். எங்கள் பள்ளியில் ஓர் இடம் காலியாகிறது, நிரந்தர வேலை. உனக்காக நிர்வாகக் குழுவில் பேசப் போகிறேன். சம்மதம்தானே?

அக்கா

ஜூலை 19

அக்கா,

இதைக் கேட்கவும் வேண்டுமா? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அந்த இடம் வேண்டும். அந்த நாலாம் வகுப்புப் பெண்ணிடம் என்ன சொல்வேன் என்று தெரியவில்லை. ஆனாலும் வந்துவிடுவேன்.

உன் வாயாடி

ஆகஸ்ட் 2

அன்பு வாயாடிக்கு,

எப்படி எழுதுவதென்றே தெரியவில்லை. உன்னைப் போல எனக்குப் பேச வராது. அதனால் குழுவில் உன் முதல் கடிதத்தை அப்படியே படித்தேன். கழித்தல் கதையை மறுபடி படிக்கச் சொல்லிக் கேட்டார்கள். பிறகு தாளாளர், "நம்ம பள்ளிக்கூடத்துலயும் ஒரு பதில் டீச்சர் வருஷக்கணக்கா நிக்கிறாங்களே, அவங்களுக்குத்தானே முதல்ல கொடுக்கணும்?" என்றார். எல்லாரும் ஒப்புக்கொண்டு, அந்த இடத்தை அவருக்கே கொடுத்துவிட்டார்கள். அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் என்ன செய்ய? என்னைத் திட்டித் தீர்த்துவிடு.

அக்கா

ஆகஸ்ட் 9

அக்காவுக்கு,

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டேன். தாளாளர் சொன்னதில் தப்பே இல்லை. அதனால்தான் திட்டவும் முடியாமல் உள்ளேயே எரிகிறது.

நாலாம் வகுப்பு டீச்சர் திங்கட்கிழமை திரும்புகிறார். ஏழாம் வகுப்புக் கணக்கு டீச்சர் பாதியில் நின்றுவிட்டாராம், என்னை அங்கே போகச் சொன்னார்கள். முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "சரி மேடம்" என்றுதான் வந்தது.

உன் மேல் கோபமில்லை என்றால் அது பொய். கொஞ்ச நாள் எனக்கு எழுதாதே. அந்த அம்மாளுக்கு என் வாழ்த்தைச் சொல். நான் யார் என்று மட்டும் சொல்லிவிடாதே.

தங்கை